பந்தயத்தில் நடுவு நிலைமை

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சில் பழகியவன் அல்லன். பயிற்சிச் சான்றிதழோடு தோட்டப் பள்ளிக்குப் போன ஒரு சாதாரண வாத்தியார். பரிசளிப்பு விழாவில் கல்வியின் பெருமையைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் கார்ப் பந்தயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "என்னடா இது, வாத்தியாருக்கு வேறு வேலை இல்லையா?" என்று பின்வரிசைப் பெரியவர்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். பரிசு என்றால் என்ன, அது யாருக்குச் சேர வேண்டும் என்பதை எனக்குப் புரிய வைத்தது ஒரு பந்தயந்தான்.

2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். நான் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்த இளைஞன். குளுவாங்கில் ரயிலேறி தஞ்சோங் பகாரில் இறங்கினேன். கெப்பல் சாலையில் இருந்த அந்தப் பழைய ரயில் நிலையத்தை உங்களில் பல பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு அங்கே ரயில் வருவது நின்று போயிற்று. அந்த நாளில் ஜொகூர் தோட்டத்துச் சனங்களுக்குச் சிங்கப்பூர் என்றாலே முதலில் கண்ணில் படுவது அந்த நிலையந்தான். என் பெரியம்மாவும் பெரியப்பாவும் தஞ்சோங் பகார் பிளாசா அடுக்குமாடியில் குடியிருந்தார்கள். பெரியப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மேக்ஸ்வெல் சாலையில் இருந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். 1982-இல் அந்தப் பள்ளி மூடப்பட்டதை மட்டும் யார் கேட்டாலும் ஒரு பெருமூச்சோடுதான் சொல்வார்.

செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை இரவு. மரினா பேயில் பார்முலா ஒன் பந்தயம். சிங்கப்பூரில் உலகப் பந்தயம் நடப்பது அதுவே முதல் தடவை. பார்முலா ஒன் வரலாற்றிலேயே இரவில் நடந்த முதல் பந்தயமும் அதுதான். நாம் அன்றாடம் பஸ்ஸில் போகிற சாலைகளையே அடைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குகளைக் கட்டி, இரவைப் பகலாக்கி இருந்தார்கள். ஒரு சுற்று ஐந்து கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். மொத்தம் 61 சுற்றுகள். டிக்கெட் வாங்க எங்களுக்கு ஏது வசதி? தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். ஆனால் நடைவழியில் வந்து நின்றால் கார்களின் இரைச்சல் காற்றோடு வந்து காதில் விழுந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கதவைத் திறந்து வைத்துக் கொண்டு அதைக் கேட்டார்கள். திருவிழா மாதிரி இருந்தது.

அன்று முதலிடத்தில் புறப்பட்டவர் பெராரி குழுவின் பெலிப்பே மாசா. பிரேசில் நாட்டுக்காரர். அந்த ஆண்டு உலக வெற்றியாளர் பட்டத்துக்கு அவருக்கும் இங்கிலாந்தின் லூயிஸ் ஹாமில்டனுக்கும் கடும் போட்டி. ரெனோ குழுவின் பெர்னாண்டோ அலொன்சோ 15-ஆம் இடத்தில் நின்றார். ரொம்பப் பின்னால். அவர் 12-ஆம் சுற்றிலேயே எண்ணெய் போட உள்ளே போய் வந்துவிட்டார். "இவ்வளவு சீக்கிரமா போறானே, புத்தி கெட்டவன்" என்றார் பெரியப்பா.

14-ஆம் சுற்று. அலொன்சோவின் குழுவைச் சேர்ந்த இன்னொரு ஓட்டுநர், இளைஞர் நெல்சன் பிக்கே ஜூனியர், 17-ஆம் திருப்பத்தில் சுவரில் மோதினார். கார் உடைந்து சாலையிலேயே நின்றது. உடனே பாதுகாப்புக் கார் வந்தது. அதாவது, மற்ற எல்லாக் கார்களும் வேகத்தைக் குறைத்து அதன் பின்னால் வரிசையாக ஊர்ந்து போக வேண்டும். அந்த ஆண்டு இருந்த விதிப்படி, வரிசை சேரும் வரை யாரும் எண்ணெய் போடவும் போக முடியாது. பிறகு வழி திறந்ததும் முன்னால் இருந்தவர்களில் பலர் ஒரே நேரத்தில் முட்டி மோதிக் கொண்டு உள்ளே போனார்கள். ஏற்கனவே போய் வந்துவிட்ட அலொன்சோவோ நேரே ஓடிக் கொண்டிருந்தார். 15-ஆம் இடத்துக்காரர் அன்றைய பந்தயத்தை ஜெயித்தார்.

மாசாவுக்கு என்ன ஆயிற்று? அந்த நெரிசலில் அவருடைய குழு எண்ணெய்க் குழாயைக் கழற்றுவதற்கு முன்பே பச்சை விளக்கைக் காட்டிவிட்டது. குழாயை இழுத்துக் கொண்டே அவர் கிளம்பிவிட்டார். அது அவர் குழுவின் பிழைதான், மறைக்க வேண்டியதில்லை. 13-ஆவதாக வந்தார். ஒரு புள்ளியும் இல்லை. ஹாமில்டன் மூன்றாவதாக வந்து 6 புள்ளி வாங்கினார். ஆண்டு முடிவில் ஹாமில்டனுக்கு 98, மாசாவுக்கு 97. ஒரே ஒரு புள்ளியில் பட்டம் கை மாறியது.

பிக்கே அன்று, தவறு என்னுடையது, கட்டுப்பாட்டை இழந்துவிட்டேன் என்ற அளவில் சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் நம்பினோம். அலொன்சோவுக்கு அதிர்ஷ்டம் என்று பேசிக் கொண்டு படுத்துவிட்டோம்.

மாணவர்களே, அடுத்த ஆண்டுதான் உண்மை வெளியே வந்தது. 2009-இல் ரெனோ குழு பிக்கேயை நீக்கியது. அந்த ஆண்டே அவர் எஃப்.ஐ.ஏ. எனப்படும் சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனத்திடம் வாக்குமூலம் கொடுத்தார்: அந்த மோதல் தற்செயல் அல்ல, வேண்டுமென்றே செய்தது, பாதுகாப்புக் காரை வரவழைத்து அலொன்சோவை முன்னுக்குக் கொண்டு வரக் குழுவின் மேலிடத்தில் போட்ட திட்டம் என்றார். எந்தச் சுற்றில், எந்தத் திருப்பத்தில் மோத வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்களாம். உடைந்த காரைச் சட்டென்று தூக்கி அகற்றக் கிரேன் இல்லாத திருப்பமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களாம்.

பெரியப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, முப்பது வருஷம் கிரேன்ல உக்காந்தவன் நான். கிரேன் எங்க இல்லேன்னு பார்த்து வச்சு மோதியிருக்கானுங்க. எனக்கு அன்னைக்கே தோணியிருக்கணும்டா" என்றார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பாரம் தூக்கும்போது கீழே ஆள் நிற்கக் கூடாது என்பது துறைமுக விதி. கூலிக்காரர் நின்றாலும் தூக்க மாட்டார், சூப்பர்வைசர் நின்றாலும் தூக்க மாட்டார். கப்பல் தாமதமாகுது என்று கீழே இருந்து கத்துவார்களாம். கத்தட்டும் என்று கையைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ஆளைப் பார்த்து மாறினால் அது விதி ஆகுமா என்பார்.

2009 செப்டம்பர் 21-இல் பாரிஸில் விசாரணை நடந்தது. ரெனோ குழு குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை. அதற்குத் தகுதி நீக்கம் விதித்து, இரண்டாண்டுக்கு அதை நிறுத்தி வைத்தார்கள். அதாவது, மறுபடி தப்பு செய்தால்தான் தண்டனை. குழுத் தலைவர் பிளாவியோ பிரியாத்தோரேவுக்குக் காலவரையற்ற தடை. பொறியாளர் பாட் சைமண்ட்ஸுக்கு ஐந்தாண்டுத் தடை. உண்மையைச் சொன்ன பிக்கேக்கு மன்னிப்பு. அலொன்சோவுக்கு இதில் சம்பந்தமில்லை என்று தீர்ப்பு. தான் குற்றமற்றவர் என்று வாதிட்டு பிரியாத்தோரே பிரெஞ்சு நீதிமன்றத்துக்குப் போனார். 2010 ஜனவரியில் அந்த நீதிமன்றம் இரண்டு தடைகளையும் ரத்து செய்தது. பிறகு இரு தரப்பும் பேசி, 2012 முடியும் வரை அவ்விருவரும் பார்முலா ஒன் பக்கம் வருவதில்லை என்று சமரசம் செய்து கொண்டார்கள். 2024-இல் பிரியாத்தோரே ரெனோ நிறுவனத்தின் குழுவுக்கே ஆலோசகராகத் திரும்பி வந்துவிட்டார்.

எல்லாம் சரி, பந்தய முடிவு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. சிங்கப்பூர் 2008, முதலிடம் அலொன்சோ என்றுதான் இன்றும் ஏட்டில் இருக்கிறது. ஆண்டு இறுதிப் பரிசளிப்பு விழா நடந்து முடிந்துவிட்டால் அதற்குப் பிறகு முடிவை மாற்ற முடியாது என்பதே சொல்லப்பட்ட விளக்கம்.

கவனியுங்கள், பரிசளிப்பு விழா! இன்று நாம் கூடியிருப்பதும் அதற்குத்தானே? கோப்பையைக் கையில் கொடுத்துப் படமும் எடுத்துவிட்டால் அதற்கப்புறம் உண்மைக்கு வேலை இல்லை என்பது போலல்லவா ஆகிவிட்டது? உங்களுக்குக் கணக்கு தெரியும். சிங்கப்பூர்ப் பந்தயத்தையே ஏட்டிலிருந்து எடுத்துவிட்டால் ஹாமில்டனுக்கு 98-இல் 6 போக 92. மாசாவுக்கு 97 அப்படியே. ஒழுங்காக நடந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹாமில்டன் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் மாசா இழந்ததை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கதை அதோடு முடியவில்லை. 2023-இல், பார்முலா ஒன்னைப் பல்லாண்டு நடத்திய பெர்னி எக்லஸ்டோன் ஒரு பேட்டி கொடுத்தார். அந்தச் சதி 2008-லேயே தமக்கும் எஃப்.ஐ.ஏ. தலைவருக்கும் தெரியும், விளையாட்டின் பெயர் கெடக் கூடாது என்று பேசாமல் இருந்தோம் என்று அவர் சொன்னதாக வெளிவந்தது. அப்படிச் சொன்னது நினைவில்லை என்று பின்னர் கூறினார். மாசா 2024-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அவரை வெற்றியாளர் என்று நீதிமன்றம் அறிவிக்க முடியாது, ஆனால் வழக்கின் ஒரு பகுதி விசாரணைக்குப் போகலாம் என்று 2025 நவம்பரில் நீதிபதி சொன்னார். பதினேழு வருஷம்! ஒரு பிள்ளை பிறந்து, படித்து, ஐந்தாம் படிவம் முடிக்கிற காலம்.

இதே போன்ற வழக்கை வேறு விதமாகத் தீர்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஸ்டாக் கார்ப் பந்தயம் என்று ஒன்று இருக்கிறது. கடையில் விற்கிற கார்களைக் கொண்டே ஓட்டத் தொடங்கியதால் அந்தப் பெயர். நாஸ்கார் என்ற அமைப்பு 1948 முதல் அதை நடத்தி வருகிறது. 2013 செப்டம்பர் 7-ஆம் தேதி இரவு, ரிச்மண்ட் நகரில் பந்தயம். இறுதிக் கட்டத்துக்குப் போகும் 12 பேரை முடிவு செய்யும் கடைசி ஓட்டம் அது. இன்னும் ஏழு சுற்றுகள் இருக்கும்போது, முன்னால் ஓடிக் கொண்டிருந்தவர் ரையன் நியூமன். அந்த நேரம் பார்த்து கிளிண்ட் போயர் என்பவரின் கார் சுழன்றது. பந்தயம் மெதுவானது. நியூமன் பின்தங்கினார். போயரின் குழுவைச் சேர்ந்த மார்ட்டின் ட்ரூயெக்ஸ் இறுதிக் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டார்.

நாஸ்கார் என்ன செய்தது? ரேடியோப் பேச்சுகளைக் கேட்டது. போயர் வேண்டுமென்றே சுழன்றார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதே குழுவின் மூன்றாவது ஓட்டுநரைக் காரணமில்லாமல் உள்ளே வரச் சொன்ன பேச்சு பதிவாகி இருந்தது. இரண்டே நாளில் தீர்ப்பு. குழுவுக்கு 3 லட்சம் டாலர் அபராதம், மூன்று ஓட்டுநர்களுக்கும் 50 புள்ளி குறைப்பு. ட்ரூயெக்ஸ் வெளியே, நியூமன் உள்ளே. அதே வாரம் வேறு இரண்டு குழுக்கள் பேசி வைத்துக் கொண்டதாகவும் புகார் எழவே, அதனால் பாதிக்கப்பட்ட ஜெஃப் கோர்டனையும் 13-ஆவது ஆளாகச் சேர்த்துக் கொண்டார்கள்.

அதுவும் குறையில்லாத தீர்ப்பு அல்ல. கார் சுழன்ற போயர் இறுதிக் கட்டத்தில் நீடித்தார். தனக்கு எதுவும் தெரியாது என்ற ட்ரூயெக்ஸ் வெளியே போனார். அதைப் பலர் குறை சொன்னார்கள். ஆனாலும், நியூமனுக்குப் போட்டியில் மறுபடி ஓட ஓர் இடம் கிடைத்தது. மாசாவுக்குக் கிடைக்காதது அதுதான். தீர்ப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஓட்டம் முடிவதற்குள் வர வேண்டும்.

இன்னொரு பாடமும் உண்டு. "விதி கொஞ்சம் வளைந்தால் என்ன, நம்ம ஆளுக்குத்தானே நல்லது" என்று நாம் நினைப்போம். 2008-இல் நடந்த மோசடியால், தமக்குத் தெரியாமலே பயன் அடைந்தவர் ஹாமில்டன். 2021 டிசம்பர் 12, அபுதாபி. கடைசிப் பந்தயம், ஹாமில்டனும் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் சமப் புள்ளி. பாதுகாப்புக் காருக்குப் பின்னால், ஒரு சுற்றுப் பின்தங்கிய கார்களில் அவ்விருவருக்கும் நடுவே நின்ற ஐந்தை மட்டும் முன்னே போகச் சொன்னார் பந்தய இயக்குநர். மற்றவற்றைச் சொல்லவில்லை. கடைசி ஒரே சுற்றில் வெர்ஸ்டாப்பன் முந்திப் பட்டத்தை வென்றார். அது மனிதத் தவறு என்று எஃப்.ஐ.ஏ. பின்பு அறிக்கை விட்டது. இயக்குநரை மாற்றியது. முடிவை மாற்றவில்லை. விதி வளைந்தால் இன்றைக்கு யாருக்கு லாபம், நாளைக்கு யாருக்கு நஷ்டம் என்று யாரால் சொல்ல முடியும்?

இதுவரை பிறர் கதை சொன்னேன். இனி என் கதை. இதைச் சொல்லாமல் போனால் இந்த மேடையில் நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு தோட்டப் பள்ளியின் விளையாட்டுப் போட்டி. 200 மீட்டர் ஓட்டத்துக்கு வளைவு நடுவர் நான். காலையில் நாலாம் ஆண்டுப் பையன் ஒருவன் வளைவில் கோட்டைத் தாண்டி உள்வரிசையில் ஓடினான். கொடியைத் தூக்கினேன். அவன் நீக்கப்பட்டான். மத்தியானம் ஆறாம் ஆண்டு ஓட்டம். முதலில் வந்தவன் அதே வளைவில் அதே மாதிரி நாலு எட்டு உள்ளே வைத்து ஓடினான். நன்றாகப் பார்த்தேன். கொடி என் கையில் இருந்தது. தூக்கவில்லை.

ஏன்? அவனுடைய அப்பா அந்த ஆண்டு கோப்பைகளுக்கும் பிள்ளைகள் சாப்பாட்டுக்கும் பணம் கொடுத்த நன்கொடையாளர். மேடையில் உட்கார்ந்திருந்தார். அவரே தம் மகனுக்குக் கோப்பை கொடுக்கப் போகிற நேரம். நல்ல மனிதர், அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகவே பயந்தேன். நன்றி கெட்டவன் என்று சொல்லிவிடுவார்களோ என்று எண்ணினேன்.

இரண்டாவதாக வந்தவன், செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளியின் மகன். மறுநாள் வகுப்பு முடிந்ததும் என் மேசைப் பக்கம் வந்து நின்றான். "சார், அவன் கோட்டை மிதிச்சு உள்ள ஓடுனதை நீங்க பார்த்தீங்கதானே?" என்று கேட்டான். நான் பார்க்கவில்லை என்றேன். அது பொய்.

மனசு கேட்காமல் பெரியப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கீழ ஆள் நிக்குதுன்னு தெரிஞ்சே தூக்கிட்டியேடா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தலைமையாசிரியரிடம் உண்மையை ஒப்புக் கொண்டு, ஏட்டைத் திருத்தச் சொன்னேன். முதலில் நன்கொடையாளர் வீட்டுக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. "சார், அன்னைக்கே கொடியைத் தூக்கியிருந்தா என் பையன் அழுதிருப்பான், ரெண்டு நாள்ல மறந்திருப்பான். இப்ப பள்ளிக்கூடமே அவனைத் திருடன் மாதிரி பார்க்குமே" என்றார். எனக்குப் பேச நா எழவில்லை. பிறகு லயத்து வீட்டுக்குப் போய், புதுச் சான்றிதழையும் என் காசில் வாங்கிய பதக்கத்தையும் அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். "சரி சார்" என்று வாங்கி டி.வி. மேல் வைத்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு அவன் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

திருக்குறளில் நடுவு நிலைமை பன்னிரண்டாம் அதிகாரம். அதற்கு முந்திய அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். ஏன் இந்த வரிசை? நமக்கு நன்றி செய்தவரை நினைக்கும்போதுதான் நடுவு நிலை குலையப் பார்க்கும், அங்கேயும் அது குலையக் கூடாது என்பதற்காக என்று பரிமேலழகர் விளக்குகிறார். பயிற்சிக் கல்லூரியில் அதைப் பரீட்சைக்குப் படித்தேன். அர்த்தம் புரிந்தது அந்த லயத்து வீட்டு வாசலில்தான்.

ஆசிரிய நண்பர்களே, அந்த நாள் முதல் நான் மூன்று காரியங்களைத் தவறாமல் செய்கிறேன். ஓட்டம் தொடங்கும் முன் விதியை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக நிறுத்தி வாசிக்கிறேன். ஒரு வளைவுக்கு இரண்டு நடுவர் நிற்கிறோம்; ஒருவர் பார்த்ததை மற்றவர் எழுதுகிறார். புகார் இருந்தால் பரிசு கொடுப்பதற்கு முன்பே கேட்டு முடிக்கிறோம். விழா அரை மணி தாமதமாகட்டும், பாதகமில்லை. பெரியவர்கள் மேடையில் கொஞ்சம் காத்திருக்கலாம். ஒரு பிள்ளை வாழ்நாளெல்லாம் காத்திருக்கக் கூடாது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நீக்கப்பட்டால் நடுவரிடம் சண்டைக்கு வருமுன் ஒன்றைக் கேளுங்கள்: "இதே தப்புக்கு மற்றப் பிள்ளையையும் நீக்கினீர்களா?" ஆம் என்றால் பிள்ளையின் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போங்கள். இல்லை என்றால் தாராளமாகச் சண்டை போடுங்கள். அது நியாயமான சண்டை.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்குகிறவர்கள் தலை நிமிர்ந்து வாங்குங்கள். வாங்காதவர்கள் மனம் தளராதீர்கள். அடுத்த ஆண்டும் கோடு போடுவோம், எல்லோருக்கும் ஒரே அகலத்தில். யாராவது கோட்டைத் தாண்டியதைப் பார்த்தால் அப்போதே வந்து சொல்லுங்கள். தாண்டியவர் நீங்களாகவே இருந்தால், அதையும் அப்போதே சொல்லுங்கள். "சார், பார்த்தீங்கதானே?" என்று நீங்கள் கேட்கும்போது, "ஆமாம், பார்த்தேன்" என்று சொல்கிற துணிவை உங்கள் ஆசிரியர்களாகிய எங்களுக்கு இறைவன் கொடுக்க வேண்டும்.